நிறுத்தம்

நான்கு மொழிகளில் ஒட்டியிருக்கிறோம்.
தமிழ் வழக்கம்போல் கடைசியில்:
இம்மருந்து நிறுத்தப்பட்டுள்ளது.
எழுத்து எதுவும் உடையவில்லை,
காலும் கொம்பும் அதனதன் இடத்தில்.
பிழையே இல்லாத இந்த வாக்கியம்தான்
காலையிலிருந்து என்னைப் படுத்துகிறது.

"ஏம்மா, விஷமா இது?" என்கிறார்
நூற்றுப் பதினேழாம் எண்ணுக்கு வந்த வீரையன்.
ஒன்பது வருடமாக விழுங்குகிறார்.
"கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கிறவன் நான்.
விஷத்து வாசம் எனக்குத் தெரியும். சும்மா சொல்லு."
இல்லை அண்ணே, பாதுகாப்பானதுதான்.
"அப்புறம்?"
வாங்குகிறவர்கள் குறைவாம். சின்னச் சந்தையாம்.
ஆய்வறிக்கையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது,
கணக்குத்தான் கட்டுப்படியாகவில்லையாம்.

"அப்ப எங்க எண்ணிக்கை பத்தலையா?
இன்னும் கொஞ்சப் பேர் அழுதிருக்கணுமா?"
கேட்டுவிட்டு அவரே சிரிக்கிறார்.
நூற்றுப் பதினெட்டு பின்னால் செருமுகிறது.

பெட்டிக்குள் வரும் தாளை
எத்தனையோ முறை பிரித்திருக்கிறேன்,
ஒரு முறையும் அதே மடிப்பில் அது திரும்ப மடிந்ததில்லை.
வாய் உலரலாம். வியர்க்கலாம். கொட்டாவி வரலாம்.
முதல் வாரங்களில் சாகும் எண்ணம் கூடலாம்,
கூடினால் உடனே சொல்லவும்.
(புதியவர்களுக்கு இந்த வரியை
குரலைத் தாழ்த்தி, ஆனால் கண்ணைப் பார்த்துச் சொல்வேன்.)
அதற்கும் கீழே தடித்த எழுத்தில்:
திடீரென்று நிறுத்தாதீர்கள்.
தயாரித்தவர்களுக்கு இப்படி ஒரு தாளை
யாரும் மடித்துக் கொடுக்கவில்லை போல.

திருவாட்டி கோ சியூ லான்
மகனைக் கடற்பாலம் தாண்டி அனுப்பியிருக்கிறார்.
ஜொகூரில் மூன்று கடை, மூன்று தலையாட்டல்.
நாலாவதில் கிடைத்தது என்று ஓர் அட்டையை நீட்டுகிறார்.
நம்முடைய வெளிர்நீலத்தில் ஒரு சொட்டுப் பச்சை கூடுதல்.
பின்பக்கத் தகட்டில் ஊரும் இல்லை பேரும் இல்லை.
சாப்பிடாதீர்கள் என்பதை
எனக்குத் தெரிந்த அரைகுறை மாண்டரினில்
மூன்று விதமாகச் சொன்னேன்.
தலையசைத்தார்.
அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இருப்பில் நாற்பத்திரண்டு அட்டை.
யாருக்கு எத்தனை என்று
ஹஸ்னா பட்டியல் போடச் சொன்னார். போட்டேன்.
நான் பதிந்திருப்பது வேறு பலதுறை மருந்தகத்தில்,
அதனால் என் பெயர் இதில் இல்லை.
இருந்திருந்தால் எத்தனாவது வரியில் எழுதியிருப்பேன் என்று
பிற்பகல் முழுக்க யோசிக்கவேயில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஈசூனில் பன்னிரண்டாம் மாடி, சமையல் மேடை.
மருத்துவர் எழுதிய கணக்குப்படி
இந்த வாரம் பாதி, அடுத்த வாரம் கால்.
நடுவில் கோடு இல்லாத மாத்திரை,
பாதியாவதற்கென்று செய்ததல்ல.
ஒரு துண்டு எப்போதும் பெரிதாகிவிடுகிறது.
பெரியதைத் திங்கட்கிழமைக்கு ஒதுக்குகிறேன்.
தூளை விரலில் ஒற்றி நாக்கில் வைத்தால்
இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் தெரிகிறது
கசப்பென்று.

தலையைத் திருப்பினால்
உலகம் ஒரு நொடி பிந்தி வந்து சேருகிறது.
காதோரம் சின்னதாய் ஒரு மின்பொறி.
நேற்று பேருந்துக்குக் காத்திருந்தபோதும் அப்படித்தான்.
நிறுத்தம் என்ற சொல்
என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டது.
இறங்குகிற இடம். ஏறுகிற இடமும்தானே
என்று நினைத்து முடிப்பதற்குள்
கூட்டம் நிறைந்த முதல் பேருந்து
நிற்காமல் போனது.

வீரையன் மறுபடி வந்தார், எண் எடுக்காமல்.
"அந்தப் புது மருந்து என்ன கலர்?"
வெள்ளை, அண்ணே.
கொஞ்ச நேரம் கண்ணாடித் தடுப்பையே பார்த்தார்.
நீலத்து மேல வெள்ளையா, என்றார்,
ஒரு கோட்டுக்கு அடங்காதே.