அரை நாள் போதும் என்கிறார் தேவநாதன் சார்

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில் பதினோரு மணி டீ.
பழைய காலண்டர் தாளின் பின்பக்கம்
தேவநாதன் சார் கணக்குப் போடுகிறார்.
வெள்ளி ராத்திரி வேன். சனி காலை குடகு.
ராஃப்டிங்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?
நாலு பேரிடம் போனில் விசாரித்துவிட்டார்.

ஜீப்பில் மேலே போக இருபது நிமிடம்.
கவசம் மாட்ட, துடுப்பு பிடிக்கச் சொல்லித்தர
முக்கால் மணி.
ஆற்றில் ஒன்றரை.
துணி காய அரை மணி,
அப்புறம் எல்லோருக்கும் சூடாக மேகி.
எப்படிப் பார்த்தாலும் அரை நாள்தான் என்று
பேனாவை மூடுகிறார்.
பட்டியலில் பதினான்கு பேர்.
என் பெயருக்கு நேரே ஒரு கேள்விக்குறி.

நானும் போயிருக்கிறேன், சார்.
வேன் பிடிக்கவில்லை.
எங்கள் வீட்டு மாடிப்படியில்
ஒன்பதாம் படியிலேயே ஏறிக்கொண்டேன்.
பெண்ணையாற்றுக்கு நாங்கள் யாரும் நேரம் ஒதுக்கவில்லை.
அதுதான் விடிகாலை மூன்றரைக்குக்
கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தது.

செம்மஞ்சள் நிற ரப்பர் படகு.
துடுப்போடு ஒரு தீயணைப்புக்காரர்.
சட்டைப் பெயரில் கவசம் மறைத்தது போக
'பாடலீ' மட்டும் தெரிந்தது.
"அஞ்சு நிமிஷம்மா, கையில கெடச்சத எடு."
ரேஷன் கார்டு எடுத்தேன்,
மாமியாரின் பிரஷர் மாத்திரை எடுத்தேன்,
மிக்ஸி ஜார் ஒன்றும் எடுத்தேன்.
மிக்ஸி கீழே தண்ணீருக்குள் இருந்தது.
ஏன் எடுத்தேன் என்று
இன்றுவரை யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

எதிர்வீட்டு ரஹ்மத் கோழிக்கூடையோடு ஏறினாள்.
டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றிக்கொண்டு போனோம்.
'வேகத்தடை, மெதுவாகச் செல்லவும்'
பலகையின் தலை மட்டும் வெளியே.
பாடலீ மெதுவாகச் செல்லவில்லை.
கரை உடைந்த முனையில்
தண்ணீர் திருகிக்கொண்டு ஓடியது.
படகு ஒரு பக்கம் தூக்கி
பொத்தென்று விழுந்தது.
ரஹ்மத் அல்லாவைக் கூப்பிட்டாள்.
மாமியார் என் முழங்கையைக் கிள்ளிப் பிடித்தார்.
பெரியவர்கள் சைஸ் கவசத்துக்குள்
பாதி வழுக்கிக்கொண்டிருந்த நித்திலன்,
அப்போது ஆறு வயது,
பல் எல்லாம் தெரியச் சிரித்தான்.
"அம்மா, இன்னொரு வாட்டி!"

சொல்லக்கூடாதுதான்.
என் அடிவயிறும் அந்த நொடி
தேவனாம்பட்டினம் மாசிமக ராட்டினத்தில் இறங்குவது போல
ஒருமுறை குளிர்ந்தது.
வீடு மூழ்கிக்கொண்டிருந்தது, சார்.
அதற்குள் எனக்கு அது பிடித்திருந்தது.
பாடலீ திரும்பிப் பார்த்தாரா என்றுதான்
முதலில் பார்த்தேன்.

தன் துண்டை அவிழ்த்து
பையனைக் கவசத்தோடு சேர்த்துக் கட்டினார் அவர்.
பைபாஸ் மேட்டில் இறக்கிவிட்டார்.
பதினோரு நிமிடம்.
துண்டை அவிழ்த்துக் கொடுப்பதற்குள்
அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

துணி காய அரை மணி என்று எழுதியிருக்கிறீர்கள்.
மெத்தை இருபத்திரண்டு நாள் காய்ந்தது,
பிறகு தூக்கிப் போட்டோம்.
கல்யாணப் பட்டு காய்ந்தது, சாயம் இறங்கி.
பீரோக் கதவு உப்பிப்போய்
இந்த ஐந்து வருடத்தில்
ஒருநாளும் முழுசாக மூடவில்லை.
சுவரில் என் தோள் உயரத்துக்கு இருந்த கோட்டின் மேல்
இரண்டு தரம் வெள்ளையடித்தாயிற்று.
ஐப்பசி பிறந்தால் திரும்ப எட்டிப் பார்க்கிறது.
இதையெல்லாம் எந்தப் பக்கம் கூட்டுவது?

"என்னம்மா, வர்றீங்களா இல்லையா?"

இரண்டு பேர் என்றேன்.
சனிக்கிழமையை எதற்கும் முழுசாகவே வையுங்கள் என்றேன்.
கேள்விக்குறியை அடித்துவிட்டு
என் பெயருக்குக் கீழே நித்திலன், வயது 11 என்று எழுதினார்.
பாரத்தில் மார்பளவு கேட்டிருக்கிறார்கள்,
கவசம் சரியாக உட்கார.
ராத்திரி அளக்க வேண்டும்.
இஞ்ச் டேப் அந்த வெள்ளத்தோடு போனது,
புதிதாக வாங்கவில்லை.
அந்தத் துண்டு இருக்கிறது. அதை வைத்து
ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன்.