நோட்டின் பின்பக்கம்

பீன்யா இரண்டாம் ஸ்டேஜ். தகர ஷெட்.
பதினோரு மணிக்குள் ஏழு ஃப்ரிட்ஜ்கள்
முதுகைக் காட்டி நிற்கும்
ஊசிக்கு வரிசையில் நிற்பவர்கள் மாதிரி.

ஒன்றின் கதவில் திருப்பதி காந்தம், உரிக்காமலே.
ஒன்றுக்குள் கல்லாய்ப்போன எலுமிச்சை,
பாதி தீர்ந்த கண் மருந்து.
இதையெல்லாம் எழுத நோட்டில் கட்டம் இல்லை.
கட்டம் இருப்பது
வாயு வகைக்கு, முன் எடைக்கு, பின் எடைக்கு.

கம்ப்ரசரிலிருந்து வால்போல் நீளும் செம்புக் குழாயை
ஊசி இடுக்கி கடிக்கிறது.
மீட்டரில் முள் திடுக்கிட்டு எழும்.
ஹோஸ் விறைக்கும். மெஷின் இரையும்.
தராசின் மேல் சிலிண்டர்
கிராம் கிராமாகக் கனக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு.
ஒரு கைப்பிடித் துவரம்பருப்பு.
யாரோ ஒருவர் வீட்டில் பதினான்கு வருடம்
பால் திரியாமல் இருந்தது இதனால்.

நிறம் கிடையாது. மணம் கிடையாது.
சந்தையில் விலை கிடையாது.
நழுவவிட எளிது.

எனக்குத் தெரியும்.
ஜாலி மொஹல்லாவில் ஆறு வருடம்
நானே வெட்டியிருக்கிறேன்.
புஸ்ஸென்று ஒரு மூச்சு,
ஏப்ரல் வெயிலில் மணிக்கட்டை அதன்முன் நீட்டுவேன்,
அப்படி ஒரு சில்.
கறுத்த எண்ணெய் சாக்கடைக்கு,
செம்பு சாக்குக்கு,
இருட்டியபின் தலைவலி எனக்கு.

இங்கே சேர்க்கும்போது மங்களகௌரி மேடம்
ஒன்றே ஒன்று கேட்டார்:
முன் அனுபவம் உண்டா?
உண்டு என்றேன்.

நோட்டைத் திருப்பிப் பிடித்து
கடைசிப் பக்கத்திலிருந்து ஒரு கணக்கு எழுதிவருகிறேன்.
நாளுக்கு மூன்று. ஞாயிறு கழித்து.
ஒன்றுக்கு நூறு கிராம் என்றே வை.
ஆறு வருடத்தில் ஐநூற்று நாற்பது கிலோ.
முன்பக்கத்தில் பிடித்தது முந்நூறு தாண்டியிருக்கிறது.
நடுவில் இன்னும் வெள்ளைத் தாள்கள்.

நவாஸ் பாய் ஆட்டோவில் வருபவை
குழாய் அறுபட்டே வரும்.
பூஜ்யம் என்று எழுதுவேன்.
பூஜ்யம் எழுதும்போது மட்டும்
என் கையெழுத்து அழகாக விழுகிறது.
"காத்துக்கு யாரும்மா காசு குடுக்குறாங்க?"
கேள்வியில் குற்றமில்லை.
அவருக்கும் வாடகை இருக்கிறது.

நேற்று ஒன்று கொண்டுவந்தார், ஒற்றைக் கதவு,
குழாய் முழுசாக.
"இதுல காத்து இருக்கு சகாயம். எடை போடு."
லேபிளில் தீ வரைந்த முக்கோணம்.
அவர் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி
வாளித் தண்ணீரில் போட்டேன்.
ஷட்டரை முழுக்க ஏற்றினேன்.
இதற்கு வேறு மெஷின், சிவப்புக் கழுத்துச் சிலிண்டர்.

முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று.
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்
பெட்ரோல் பங்கில் பார்ப்பதுபோல்.
நாற்பத்தாறில் நின்றது.
"இவ்ளோதானா?"
"இவ்ளோதான்."
கையை நீட்டினார்.
டீ காசிலிருந்து இருபது ரூபாய் வைத்தேன்.
எந்தப் பக்கமும் அதை எழுதவில்லை.

தராசை மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தபோது
வாசல்வரை போனவர் திரும்பி,
"நாளைக்கு ரேட் ஏறுமா?" என்றார்.