அறுபது நொடி

ஓசூர், பாகலூர் சாலை,
பேக்கரிக்கு மேலே ஓர் அறை.
உதிர்ந்த முடியை எண்ணுவது என் வேலை.

சிரிக்காதீர்கள்,
மாதம் பதினாலாயிரம். பி.எஃப். உண்டு.

மேசையில் வெள்ளைத் துணி விரிப்பேன்.
ஒருத்தி வந்து தலை கவிழ்ப்பாள்.
அறுபது நொடி சீவவேண்டும்,
பிடரியிலிருந்து நெற்றிக்கு.
மணி அடித்ததும் இடுக்கி எடுப்பேன்:
வேரில் வெள்ளைப் புள்ளி உள்ளவை இந்த அட்டையில்,
நடுவில் முறிந்தவை அந்த அட்டையில்.
ஒடிவது வேறு, உதிர்வது வேறு.
இந்த வேலையில் நான் கற்ற
ஒரே தத்துவம் அது.

நாற்பது பெண்கள், பன்னிரண்டு வாரம்.
பச்சை மூடிப் புட்டி பாதிப் பேருக்கு,
மஞ்சள் மூடி மீதிப் பேருக்கு.
ஒன்றில் கொள்ளிலிருந்து பிரித்த புரதம்,
மற்றதில் அது இல்லை.
எதில் எது என்று எனக்கும் சொல்லவில்லை.

முதல் நாள் திவாகர் சார்
சுவரில் படம் போட்டுக் காட்டினார்.
முடியின் மேல் மீன்செதில் போலச் செதில்கள்;
பெயர்ந்த இடங்களில் போய் ஒட்டும்
பொடிப்பொடியான புரதம்.
"ராயக்கோட்டைக் கொள்ளு" என்று பெருமையாகச் சொன்னார்.
பின்வரிசையில் சாக்கம்மா எழுந்தாள்:
"மாட்டுக்கு வேகவெச்சுப் போடற கொள்ளா சார்?"
"அதேதான்."
"கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்லுவாங்க.
கொழுத்த தலை இங்க யாருக்கு இருக்கு?"

முகம் மறந்துவிடும், முடி மறக்காது.
முபீனாவுடையது சுருள்,
இரண்டாவது பிரசவம் கழிந்து நாலு மாதம்;
சீப்பைத் தொட்டாலே கொத்தாக வரும்.
ஜோதிகலா கைப்பேசித் தொழிற்சாலையில் இரவு வேலை,
தொப்பிக்குள் வெந்த முடி,
நுனியெல்லாம் துடைப்பம்.
சாக்கம்மா பேரிகையில் ரோஜாக் கூடாரத்தில்.
அவள் முடியில் மருந்து நெடி,
ஒருமுறை ஒரு முள்.

சாக்கம்மா,
முதல் வாரம் அறுபத்தொன்று,
நாலாவது வாரம் ஐம்பத்தெட்டு,
எட்டில் முப்பத்து மூன்று,
பன்னிரண்டில் பத்தொன்பது.
திவாகர் சார் புகைப்படக்காரனுக்கு
அன்றே ஃபோன் போட்டார்.

மறுநாள் உறை பிரித்தார்கள்.
பச்சையில்தான் கொள்ளு.
சாக்கம்மாவுடையது மஞ்சள் மூடி.
தண்ணீர், பசை, மல்லிகை வாசனை.

அவர் என்னைப் பார்த்தார்.
அட்டைகளை எடுத்து மறுபடி எண்ணினேன்.
பத்தொன்பதுதான்.

பச்சை மூடியும் பொய்யில்லை.
ஜோதிகலாவுக்கு முறிந்தவை பாதியாகக் குறைந்தன,
நுனி மிருதுவானது, அவளே தடவித் தடவிப் பார்த்தாள்.
ஆனால் வேரோடு வருபவை வேரோடு வந்தன.
முபீனாவுக்கும் அப்படித்தான்.
வேர் இருப்பது செதிலுக்கு உள்ளே அல்ல.

பேருந்து நிலையத்தில் சாக்கம்மாவைப் பிடித்தேன்.
என்ன மாற்றினாய்?
"ஒண்ணும் மாத்தலீங்க."
பேரிகை வண்டி வந்தது, ஏறவில்லை.
"நல்லதுன்னு படம் போட்டுக் காட்னீங்களே.
மாட்டுக்கு வேகறப்ப
ரெண்டு கரண்டி எனக்கும் எடுத்து வெச்சுக்கிட்டேன்.
உப்பு, பச்ச வெங்காயம்.
தப்புங்களா?"

அதனால்தானா, தெரியாது.
ஆறாவது வாரத்தில் அவளை
மருந்தடிப்பதிலிருந்து பூக்கட்டுக்கு மாற்றியிருந்தார்கள்.
மூத்தவனுக்கு விடுதியில் இடம் கிடைத்திருந்தது.
படிவத்தில் 'பிற காரணங்கள்' என்று
ஒரே ஒரு கோடு இருந்தது.
அதில் இத்தனையும் எழுதினேன்,
ஓரத்தில் மடித்து, சின்ன எழுத்தில்.

"விலகிய எண்" என்று
திவாகர் சார் சாக்கம்மாவை அடித்துவிட்டார்.
முப்பத்தொன்பது பெண்களோடு
அறிக்கை சென்னைக்குப் போனது.

இரவு என் சீப்பை எண்ணினேன்.
எத்தனை என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன்.
அடுப்பில் குக்கர் நாலு விசில் விட்டது.
கொள்ளுக்கு நாலு போதாது.