தொப்பூருக்குக் கீழே

டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டேன்.
தூத்துக்குடிக்குப் போக வேண்டிய கல்
கேபினை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தது.
அவ்வளவுதான் விபத்து.
போலீஸ் காகிதத்தில் இதைவிட நீளமாக இருக்கும்.

தருமபுரி ஆஸ்பத்திரியின் பின்கட்டில்
முன்பு குளுக்கோஸ் பாட்டில் அடுக்கிய அறை.
டாக்டர் ரிஹானா என் பெயரைக் கேட்டு
அழகாக எழுதி
அந்தத் தாளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.
ஆய்வில் பெயர் கூடாதாம்.
மாதையன் பீரோவுக்குள் இருக்கிறான்.
சக்கர நாற்காலியில் இருப்பது ஏழு.

முதல் நாள் முட்டிக்குக் கீழே
ரப்பர் சுத்தியால் தட்டினார்.
கால் எகிறியது.
வந்துவிட்டது என்று அழுதேன்.
"இது உங்களைக் கேட்டு வரவில்லை ஏழு,
தண்டுவடத்தின் அடிவரை போய்
அங்கேயே திரும்பிவிட்டது."
செக்போஸ்ட் பக்கமே வராமல்
உள்ளூரில் சுற்றும் டெம்போ, புரிந்தது.

இரவில் கால்கள் தாமே உதைக்கும்.
தீர்த்தம்மா எழுந்து வந்து
குறுக்கே படுத்து அமுக்குவாள்.
அப்பா கனவில் லாரி ஓட்டுகிறார் என்பான் பையன்.
அப்பாவுக்குக் கனவே வருவதில்லை.

"காலுக்கு ஆடத் தெரியும்," என்றார் டாக்டர்,
"அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
மேலிருந்து இறங்கி வரும் பேச்சில்
நிறைய, 'போ' இல்லை.
'பொறு', 'போதும்', 'இப்போது வேண்டாம்'.
நசுங்கிய இடத்தில் அதுதான் நின்றுபோனது."

இருபது வருடம் ஓட்டியவன்.
நடப்பது என்றால் ஆக்சிலேட்டர் என்று
நானுமா நினைத்துக்கொண்டிருந்தேன்?

முதுகில் இரண்டு ஒட்டுப்பட்டை, ஒரு வயர்.
சில நாள் கரண்ட் உண்டு, சில நாள் இல்லை.
ஒட்டும் இடம் மரத்த இடம், கண்டுபிடிக்க வழியில்லை.
டாக்டருக்கும் தெரியாது,
கம்ப்யூட்டர் பார்க்கும் முனிகிருஷ்ணனுக்கும் தெரியாது.
பெங்களூரில் யாரோ ஒருவரிடம்
ஒரு பட்டியல் இருக்கிறதாம்.

சோதனை இதுதான்:
பாதத்தைப் பிடித்து மேல்நோக்கிச் சட்டென்று அழுத்துவார்.
கணுக்கால் துள்ளத் தொடங்கும்,
பழைய பம்புசெட் போலத் தடதடவென்று,
திரையில் ஈட்டி ஈட்டியாக.
"நிறுத்துங்கள் ஏழு."
நிற்காது.
நாற்பது, ஐம்பது.
அவரே கையை எடுப்பார்.

பதினெட்டாவது தடவை.
வெளியே மாங்காய் லாரிகள்
கிருஷ்ணகிரி ரோட்டுக்கு வழி கேட்டு ஹாரன் அடித்தன.
நிறுத்துங்கள் என்றார்.
கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது,
கால் இருந்த திசை தெரியும்.
அன்று இறக்கத்தில் மிதித்தேனே,
பெடல் அடிவரை போய்
அங்கே ஒன்றுமே இல்லாமல் இருந்ததே,
அதே மிதியை மிதித்தேன்.

பத்து.
பதினொன்று.
பன்னிரண்டில் பாதம் நின்றது.

முனிகிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான்.
டாக்டர் சிரிக்கவில்லை.
"மறுபடி."
இரண்டாம் முறை நாற்பத்தாறு வரை ஓடியது.
மூன்றாம் முறை பத்தொன்பது.
மூன்றையும் ஒரே பேனாவில்
ஒரே அளவு எழுத்தில் எழுதினார்.
இன்றைக்குக் கரண்ட் இருந்ததா டாக்டர்?
"தெரியாது. மார்கழியில் பட்டியலைத் திறப்போம்."
பேனாவை மூடியபோதுதான் பார்த்தேன்,
மூடி இரண்டு தடவை தவறிவிட்டது.

இரவு கால் உதைத்தது.
தீர்த்தம்மா எழுந்து வந்தாள்.
இரு, என்றேன்.
அவளிடம் சொன்னேனா, காலிடமா,
எனக்கே தெரியவில்லை.
இரண்டு பேரும் இருந்தார்கள்,
ஒரு மூச்சு நேரம்.

பிறகு கால் மறுபடி உதைக்க
அவள் குறுக்கே படுத்துக்கொண்டாள்.
அவள் கனம் எனக்குத் தெரியாது.
கட்டில் கிரீச்சென்றது.