ஐந்துக்கு எத்தனை

வடபழஞ்சியில் சனிக்கிழமை பாதி ஏசிதான் ஓடும்.
எங்கள் தளத்தில் மீட்டிங் அறைகளுக்கெல்லாம்
நதிகளின் பெயர். தலைமையகத்தின் யோசனை.
தேம்ஸில் ஷெரின் சான்றிதழ் சரிபார்க்கிறாள்.
எனக்குக் கிடைத்தது வைகை.
கூரையில் ஏசி ஒழுகும்போது மட்டும் தண்ணீர் வரும்,
கீழே ஒரு வாளி வைத்திருக்கிறார்கள்.

நாற்பது பேர் வந்திருந்தார்கள், இடம் ஒன்பது.
அதிலும் மூன்று மேலிருந்தே நிரம்பிவிட்டதாம்.
"வேணாம்னா கம்யூனிகேஷன்ல குறைச்சிடுங்க,
அதை யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க"
என்றாள் ஷெரின், காலையில், பொங்கல் பொட்டலம் பிரித்தபடி.

பதினேழாவது ஆள் மாயக்கண்ணன், செக்கானூரணி.
சட்டையில் அட்டைப்பெட்டியின் மடிப்பு அப்படியே இருந்தது.
காலருக்கு அடியில் ஒரு குண்டூசி,
எடுக்க மறந்தது.
சொல்லலாமா என்று நினைத்தேன்.
சொல்லவில்லை.

திரையில் புனேவிலிருந்து கௌஸ்துப்,
முகம் இல்லை, வட்டத்துக்குள் ஒரு எழுத்து.
பதினாலு மாசம் இடைவெளி இருக்கே, ஏன் என்றான்.

மனப்பாடம் செய்த ஆங்கிலம் இரண்டு வாக்கியம் வந்தது,
மூன்றாவதில் தமிழ்தான்.
"ஆஃபர் லெட்டர் வச்சிருந்தேன் சார்.
ஜாயினிங் தேதி மட்டும் வரலை.
மூணு மாசத்துக்கு ஒருவாட்டி மெயில் வரும்,
உங்கள் பொறுமைக்கு நன்றின்னு.
லெட்டரைப் பாத்து பேங்க்ல கிஸ்தி தள்ளிவச்சாங்க,
அப்புறம் அவுங்களும் மெயில் போட ஆரம்பிச்சாங்க."

அதுவரை?

"பரவை மார்க்கெட்ல, வெங்காய மண்டியில
ராத்திரி பில் போட்டேன்.
லோடு லாரி எங்க வருதுன்னு பாத்து
இறக்குற ஆளுங்களுக்கு மெசேஜ் போற மாதிரி
சின்னதா ஒண்ணு எழுதிக் குடுத்தேன் மேடம்.
முன்னாடியெல்லாம் பத்து மணிக்கே வந்து
மூணு மணி வரைக்கும் குத்தவச்சிருப்பாங்க.
இப்ப வீட்ல தூங்கிட்டு வர்றாங்க."

தொடர்புடைய அனுபவம் இல்லை,
என்று தட்டினான் கௌஸ்துப்.
எக்செல்லில் அந்தக் கட்டம் சிவப்பானது.

சம்பளம் நான்தான் சொல்ல வேண்டும்.
வருஷம் மூணு லட்சத்து முப்பத்தாறாயிரம்.
பன்னிரண்டில் இதே எண்ணுக்குக் கீழே
நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
அன்று பெரியார் நிலையத்தில் டீ ஆறு ரூபாய்.

எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா, என்பது
படிவத்தின் கடைசி வரி.
யாரும் எதுவும் கேட்பதில்லை,
கேட்டால், டிரெயினிங் எந்த ஊர்ல என்பார்கள்.

"நீங்க சேந்தப்ப எவ்வளவு மேடம்?"

கௌஸ்துப் மைக்கை அணைத்தான்.
வாளியில் ஒரு சொட்டு.
"அது கான்ஃபிடென்ஷியல்" என்றது
என் வாய்வழியே ஷெரினின் குரல்.
அவனுக்குப் புரிந்துவிட்டது,
சிரித்துக் கழுத்தைத் தடவினான், குத்தியிருக்க வேண்டும்.
ஊசியை எடுத்துப் பார்த்து, போட இடம் தெரியாமல்
மேஜை விளிம்பில் வைத்துவிட்டுப் போனான்.

தொழில்நுட்பம்: ஐந்து.
கம்யூனிகேஷன்: ஐந்து.
அவனைவிடத் தெளிவாக
இந்த அறையில் இன்று யாரும் பேசவில்லை.
கலாசாரப் பொருத்தம் என்ற கட்டத்தில்
கர்சர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
உண்மையைப் போட்டால் அவனுக்கு வேலை இல்லை.
பொய்யைப் போட்டால்
பதிமூணு வருஷம் கழித்து
இந்த நாற்காலியில் உட்கார்ந்து
ஒரு குண்டூசியைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பான்.

என்ன போட்டேன் என்பது
கான்ஃபிடென்ஷியல்.

பதினெட்டாவது ஆள் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.
பெயர் கேட்பதற்குள்
மேஜைமேல் கிடந்த ஊசியைப் பார்த்துவிட்டு
தன் துப்பட்டாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.