யாரோ வசிப்பதைப் போல

செகாம்புட் மேம்பாலம் தாண்டி
விற்பனைக் கூடத்தின் உள்ளே, இரண்டாவது வாசல்.
டைப் பி, எண்ணூற்று ஐம்பது சதுர அடி.
காலை ஒன்பதுக்கு ஏர்கோனைத் தட்டிவிட்டு
சுவரிலிருந்து தொடங்குவேன்.

போன வருடம் இந்தச் சுவர் சாம்பல்.
அதற்கு முன் வெள்ளை, கண் கூசும் வெள்ளை.
இந்த வருடம் களிமண் என்கிறார் மிஸ் ச்சியூ.
பூசியவன் சம்பளப் பாக்கியில் பாதியில் போனதுபோல்
திட்டுத் திட்டாய் இருக்க வேண்டுமாம்.
அப்படிப் பூசத்தான் கூலி அதிகம்.

தொலைக்காட்சிக்குப் பின்னால் வரிவரியாய் மரப்பலகை.
இருநூற்றுப் பதினாறு பள்ளங்கள்.
எனக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் விரல் விட்டிருக்கிறேன்.
மூலையே இல்லாத சோபா,
ஆட்டுக்குட்டி முதுகுபோல் துணி;
உட்கார்ந்து எழுந்தவரிடம் ஒரு முடியாவது
வாங்கி வைத்துக்கொள்ளும்.
புத்தகங்களைச் சுவர் பார்க்கத் திருப்பி அடுக்கியிருக்கிறோம்,
பெயர்கள் நிறத்தைக் கெடுக்கின்றனவாம்.
கட்டில் ஐந்தே அடி.
அறை பெரிதாகத் தெரிய
தச்சரிடம் சொல்லிக் குறைத்தது.
கதவுகள் வைக்கவே இல்லை.

இரண்டு வருடமாய் என் வேலை
ஒருவரும் வந்துபோகவில்லை என்று
தினமும் துடைத்து நிரூபிப்பது.
போன செவ்வாய் மிஸ் ச்சியூ சொன்னார்:
"ரசி, சுத்தம் போதும்.
இப்போது எல்லோரும் கேட்பது
ஆள் வாழும் வீடு."

கலைத்தேன்.
போர்வையை ஒரு பக்கம் இழுத்துவிட்டேன்.
"ஐயோ, சண்டை போட்ட மாதிரி இருக்கிறது."
நீவிவிட்டு ஓரத்தை மட்டும் மடித்தேன்.
"இது ஹோட்டல்."
அவர் போன் பேச வெளியே போன நேரம்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன்.
பாதங்கள் காற்றில் தொங்கின.
மகளின் டிப்ளமா கட்டணத்தை நினைத்து இடப்பக்கம் ஒரு முறை,
மோட்டார் சைக்கிள் தவணையை நினைத்து வலப்பக்கம் ஒரு முறை.
எழுந்து பார்த்தால்
அப்படியே என் வீட்டுக் கட்டில்.
"பெர்ஃபெக்ட்," என்றார், படம் பிடித்துக்கொண்டே.

மேசையில் பாதி குடித்த கோப்பை.
காப்பி அல்ல, உறைந்த பழுப்புப் பிசின்.
திறந்த புத்தகத்தின்மேல் மூக்குக்கண்ணாடி வேண்டும்.
பெட்டியில் இருந்தது லென்ஸ் இல்லாத வெறும் சட்டம்.
என் பழையதைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நல்ல கூட்டம்.
பூச்சோங்கிலிருந்து ஒரு குடும்பம்.
சாமிமேடை எங்கே வைப்பது என்று கேட்டார் அந்த அம்மா.
ஏஜெண்ட் ஜேசன்
வளைவுக்குள் விளக்கு போட்ட மாடத்தைக் காட்டினான்.
அதில் நடுவே ஓட்டை விழுந்த ஒரு கல்.
அவர் கல்லைப் பார்த்தபடி நின்றார்,
கை குவிக்கலாமா என்ற யோசனையில்.

அதற்குள் அவர்கள் பையன் திவ்யேஷ்
குளியலறையைக் கண்டுபிடித்துவிட்டான்.
அந்த வெள்ளைப் பீங்கானுக்குக் கீழே
குழாய் எதுவும் இல்லையென்று யாரும் சொல்லவில்லை.
கதவும் இல்லை. ஏழெட்டுப் பேர் பார்த்திருக்க
நிம்மதியாய் முடித்துவிட்டு
பொத்தானை அழுத்தினான்.
மறுபடி அழுத்தினான்.
"ம்மா, இந்த வீடு வேலை செய்யல."

அம்மா அவன் காதைத் தேடினார்.
ஜேசன் கையிலிருந்த சிற்றேட்டால் விசிறிக்கொண்டான்.
நான் வாளி எடுக்கப் போனேன்.
மிஸ் ச்சியூவுக்கு வாட்சப் அனுப்ப நினைத்து
விட்டுவிட்டேன்: நீங்கள் கேட்டபடி
வாழ்ந்துவிட்டார்கள்.

அப்பா மட்டும் மேசையை விட்டு எழவில்லை.
விலைப்பட்டியலை எட்டப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்,
பிறகு கை நீட்டி
என் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.
அடியில் எறும்பெழுத்தில் இருந்ததை
உதடசைத்துப் படித்தார்:
காட்டப்பட்ட பொருள்கள் விலையில் அடங்கா.
படங்கள் யாவும் கற்பனையே.

"நல்லாத் தெரியுதே," என்றார் என்னிடம்.
"யாரோடதும்மா இது?"

ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே,
இங்க குடியிருக்கிறவங்களோடது
என்றேன்.