குழாய்த் தண்ணீர் கூடாது

ஹெர்ரிங் மீன் அடைத்து வந்த வெள்ளை வாளி.
மூன்று முறை கழுவியும் மூடியில் மீன் வாசம்.
அதில்தான் மழை பிடிக்கிறேன்,
நாலாம் மாடி பால்கனியில்,
கம்பிக்கு வெளியே கையை நீட்டி.

பியார்னுவில் மழைக்குப் பஞ்சமில்லை.
ஆனால் டிசம்பரில் அது மழையாக வருவதில்லை.
பனியை அள்ளி வந்து
சூடேற்றியின் பக்கத்தில் வைக்கிறேன்.
வாளி நிறையப் பனி
உருகினால் இரண்டு டம்ளர்,
அடியில் கொஞ்சம் புகைக்கரி.

எல்லாம் ஒரு கைப்பிடிப் பாசிக்கு.

பாசி என்றால் வழுக்கும், அவ்வளவுதானே?
இது வழுக்காது. அமுங்கும்.
வேர் கிடையாது,
பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது,
ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பதுதான் நிற்பது.
தலை வளர வளரக் கால் செத்துப்போகும்.
செத்த காலும் தண்ணீர் சுமக்கும்.

பகலில் என் வேலை இதற்கு நேர் எதிர்.
சதுப்பை வடிகட்டி, தோலுரித்து,
கறுத்த மண்ணைக் கிளறிக் காயவைக்கிறோம்.
என் டிராக்டர் இழுத்துப்போகும் உறிஞ்சுகுழாய்
ஒரு நடையில் ஒரு விரல் கனம் எடுக்கும்.
ஒரு விரல் கனம் சேரப் பத்து வருஷம் என்றார் எய்னார்,
மேற்பார்வையாளர்,
ரொட்டியை மென்றுகொண்டே.
சாக்கில் கட்டி ஹாலந்துக்கு அனுப்புகிறோம்.
அங்கே தக்காளி முளைக்கிறது.

வாய்க்கால் ஓரத்தில் இந்தக் கொத்து
எப்படியோ தப்பிக் கிடந்தது.
மதிய உணவுப் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
திருட்டா தெரியாது.
கண்ணாடித் தொட்டி, வெள்ளை விளக்கு,
பன்னிரண்டு மணி நேரப் பகல்.
வெளியே ஆறு மணி நேரம்கூடச் சரியாக விடியாத மாதத்தில்
என் சமையலறையில் மட்டும் அது கோடை.

பித்தப்பை அறுவைக்குப் போனபோது
எதிர்வீட்டு ஸினைதாவிடம் சாவி கொடுத்தேன்.
அவளுக்கு எஸ்தோனியம் அரைகுறை,
எனக்கு ருஷ்யன் அதைவிட மோசம்.
தொட்டியின் மேல் சீட்டு ஒட்டினேன்,
பெரிய எழுத்தில்:
குழாய்த் தண்ணீர் கூடாது.

ஐந்தாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தேன்.
தொட்டிக்குப் பக்கத்தில்
நீலமூடிப் பாட்டில்கள் நான்கு,
கடையிலேயே விலை அதிகமான மினரல் வாட்டர்.
மூன்று காலி.
அகராதியை வைத்துச் சீட்டைப் படித்திருக்கிறாள்.
குழாய் கூடாதென்றால் உயர்ந்தது கொடுப்போம்
என்று அவள் மனம் சொல்லியிருக்கிறது.
சுண்ணாம்பும் உப்பும் குடித்த பாசி
வெந்த முட்டைக்கோஸாக
வெளுத்துக் கிடந்தது.

நான் என்ன சொல்ல?
நாலாவது பாட்டிலைத் திறந்தேன்.
ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம்.
நன்றாக இருந்தது.

செத்ததை வாரிக் குப்பையில் போட்டிருக்கலாம்.
போடவில்லை.
பொறுமை என்று சொல்லாதீர்கள்,
குனிய முடியவில்லை, தையல்.
கத்தரித்த தண்டுகளை அப்படியே பரப்பி
மழை வாளியைக் கவிழ்த்துவிட்டு
விளக்கை அணைக்காமல் விட்டேன்.

மார்ச்சில் ஒரு தண்டின் விலாவில்
எறும்புத் தலை அளவுக்குப் பச்சை.
கண்ணில் விழுந்த தூசியோ என்று துடைத்துப் பார்த்தேன்.
மறுநாள் இரண்டு. அப்புறம் எண்ணவில்லை.

அந்த மாதக் கடைசிப் பனி.
கதவில் தட்டல்.
ஸினைதா, கையில் சூப்புப் பானை,
பானை கூம்பக் கூம்பப் பனி.
எப்போது கவனித்தாள், யார் சொன்னார்கள்,
கேட்க வார்த்தை இல்லை.
"லூமி" என்றேன்.
"ஸ்னெக்" என்றாள்.
பானையில் ஒரு சிகரெட் துண்டு இருந்தது.
இருவரும் பார்த்தோம். அவளே எடுத்தாள்.

தொட்டியைக் காட்டி,
இது எதற்கு என்பதுபோல் புருவம் உயர்த்தினாள்.
வாசலில் கழற்றிப் போட்ட என் பூட்ஸைக் காட்டினேன்,
அதன் அடியில் ஒட்டிய கறுப்பு மண்ணை.
இதுதான் அது.
ஒரு விரலைப் படுக்கவைத்துக் கனம் காட்டி,
பத்து விரலையும் விரித்தேன்.

பத்து நாள் என்று எடுத்துக்கொண்டாள்.
நாட்காட்டியில் தேதியைத் தேடி
பென்சிலால் வட்டமும் போட்டுவிட்டாள்.